நிறம் தெரியாத டாப்பு

சூடேறிய வீடியோ டெக்கிலிருந்து வெளியே வரும் டேப்புக்கு ஒரு மணம் உண்டு. அப்போதுதான் இஸ்திரி போட்ட துணியும் லேசாகக் கருகிய ரப்பரும் கலந்தது போன்ற அந்த மணத்தை, கரும்பு அரைக்கும் மாதங்களில் லவுத்தோக்கா ஆலையிலிருந்து காற்றில் வரும் பாகு வாடையோடு சேர்த்தே என் மூக்கு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஃபிஜியில், லவுத்தோக்காவுக்குப் பக்கத்து லோவுவில் எங்கள் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், இரண்டு வாடையும் ஒன்றாக வந்தால் "டாப்பு" தொடங்கப் போகிறது என்று பொருள்.

டாப்பு என்றால் எங்கள் இந்தியில் தீவு. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தமிழையும் இந்தியையும் கலந்து பேசுவார்கள்; பிள்ளைகள் எங்களுக்குள் பேசிக்கொள்வது ஃபிஜி இந்திதான். பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதைத் தமிழில் எழுத முடிகிறது. நாங்கள் டேப்பில் பார்த்த கார்ட்டூன் தொடருக்கு ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர் இருந்தது. எங்களுக்கு அது டாப்பு.

எண்பத்தேழாம் ஆண்டு மே மாதம், இந்தியர்களின் ஆதரவோடு வந்த அரசை இராணுவம் கலைத்த, எல்லோரும் "கூ" என்று மட்டும் சொன்ன அந்த ஆட்சிக்கவிழ்ப்பு முதல் முறை நடந்தபோது எனக்குப் பத்து வயது. பள்ளியைப் பாதியில் விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா அரிசி டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அப்பா வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது சொன்னதைவிடச் சொல்லாததைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். லவுத்தோக்காவில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சித்தப்பா அன்று மாலையே வந்து, "ஒரு தடவ வந்தது இன்னொரு தடவ வராதா அண்ணே?" என்று கேட்டார். செப்டம்பரில் அது வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் சித்தப்பாவும் சித்தியும் ஆக்லாந்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் போர்வையில் சுற்றப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தன. நாட்டில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. பெட்டி வைத்திருப்பவர்கள் டேப் போட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது கூவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் ஓடக் கூடாது என்று சட்டம் வந்தது. பேருந்து இல்லை, கடை இல்லை, பந்து விளையாட்டுக்கூட இல்லை. அந்த அமைதியில் எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்ததுதான் டாப்பு. சித்தி ஆக்லாந்தில் வாராவாரம் அதைப் பதிவு செய்து, டேப் நிறைந்ததும் அனுப்புவார். விளம்பரங்கள் வந்தால் டேப் வீணாகும் என்று பதிவை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போவார். திரும்பி வருவதற்குள் கதை கொஞ்சம் ஓடியிருக்கும். அதனால் ஒவ்வொரு பாகத்திலும் நடுவே ஓர் ஓட்டை விழும். ஒரு நொடிக்கு முன் படகில் இருந்தவர்கள் மறு நொடியில் மரத்தில் தொங்குவார்கள். எப்படி ஏறினார்கள் என்பதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கதை இதுதான். மீன் பிடிக்கப் போன மூன்று பிள்ளைகள் திரும்பி வந்து பார்க்கிறார்கள். அவர்களுடைய தீவு இருந்த இடத்தில் வெறும் கடல். தீவு அடியோடு கழன்று எங்கோ மிதந்து போயிருக்கிறது. அதைத் தேடி அவர்கள் படகை ஓட்டுகிறார்கள். தீவு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வாரம் ஓர் அடையாளம் மட்டும் கிடைக்கும். அலையில் மிதக்கும் ஒரு வாசல் கதவு. பலகையின்மேல் நின்று கூவும் ஒரு கோழி. மூடுபனிக்குள்ளிருந்து கேட்கும் பள்ளி மணி. தப்பித்த தீவுகளைப் பிடித்துச் சங்கிலி போடும் ஒருவன் அவர்களுக்குப் பின்னாலேயே வருவான். அந்த நீலமும் பனியும் இவ்வளவு அழகாக இருக்க முடியுமா என்று தோன்றும். இந்தியக் குடும்பங்கள் வெளிநாடு கிளம்ப, வகுப்பில் வாராவாரம் ஒரு பெஞ்சு காலியாகிக்கொண்டிருந்த நாட்களில், ஊரே மிதந்து போய்விட்டது என்று ஒரு கதை சொன்னால் நாங்கள் ஏன் நம்ப மாட்டோம்?

பார்க்க வருபவர்களில் தவறாதவள் மேரே, ஃபிஜியின் பூர்வகுடிப் பெண். எங்கள் கரும்புத் தோட்டம் இருந்த நிலம் அவளுடைய குலத்தாருக்குச் சொந்தம்; நாங்கள் குத்தகைக்காரர்கள். தேவாலயத்திலிருந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வருவாள், கையில் ஒரு கிண்ணம் அவித்த மரவள்ளியோடு. எங்களைப் போலவே இந்தி பேசுவாள், எங்களைவிட வேகமாக. பெரியவர்கள் வாசலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த அந்த மாதங்களிலும் அவள் அப்பா அவளைத் தடுக்கவில்லை, என் அப்பாவும் கதவைச் சாத்தவில்லை.

அடுத்த ஆண்டு சித்தப்பா ஆக்லாந்தையும் விட்டுக் கனடாவுக்குப் போனார். அங்கிருந்து வந்த முதல் டேப்பைப் போட்டதும் நாங்கள் பெட்டிக்கு அருகே நகர்ந்தோம். நிறம் இல்லை. படம் சாம்பல் நிறத்தில் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. பேச்சோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கனத்து இழுத்தது. கனடாவில் பதிவாகும் டேப் வேறு முறை, நம் ஊர் டெக்கில் ஒழுங்காக ஓடாது என்று இன்று யாரும் சொல்லிவிடுவார்கள். அன்று எங்களுக்கு அது தெரியாது.

"படம் கெட்டுப் போச்சுன்னா பெட்டிய அணைங்க. கரண்டு சும்மாவா வருது?" என்றார் அம்மா.

மேரே மட்டும் கண்ணை எடுக்கவில்லை. "கெடலை சாச்சி," என்றாள் அம்மாவிடம். "சங்கிலிக்காரன் நிறத்தையெல்லாம் திருடிட்டான். பாரு, குரலையும் கட்டிப்போட்டுட்டான்."

அறையே அதை ஏற்றுக்கொண்டது. உருளும் கோடுகள் புயலாயின. கனத்த பேச்சு, பிள்ளைகளின் துக்கமாயிற்று.

சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அன்றே தெளிந்திருக்கும். ஆனால் கடல் கடந்து ஒருவர் அனுப்பிய பொருளைக் குறை சொல்வது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். "குளிர்ல நின்னு வேலை செஞ்ச காசுல அனுப்புறாங்க. நல்லாருக்குன்னு எழுது," என்றார் அம்மா. நன்றாக இருக்கிறது என்றே எழுதினோம். அதனால் டேப்புகள் வந்துகொண்டே இருந்தன, எல்லாமே உருண்டன. பல வருடம் கழித்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தபால் செலவுக்கே தனியா சம்பாதிச்சேன், பாவிங்களா!" என்றார்.

இழுபட்ட ஆங்கிலம் யாருக்கும் புரியாததால், கதை சொல்லும் வேலை எனக்கு வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உருளும் நிழல்களைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று இந்தியில் சொல்வேன்.

"அக்கா அளக்குறா! அவன் வாயே அசையலை," என்பான் தம்பி ராஜு.

"அசைஞ்சது. படம் உருண்டப்போ அசைஞ்சது. நீ பாக்கலை."

"அப்போ அந்த உயரமா நிக்கறது என்ன?"

ஒரு கணம் யோசித்தேன். "அதுதான் டாப்பு. கிடைச்சிடுச்சு."

இப்படித்தான் நாங்கள் தீவைக் கண்டோம். சாம்பல் நிறத்தில், நிற்காமல் உருண்டுகொண்டு.

அந்த டேப் வந்த பார்சலில்தான், கனடாவின் வான்கூவரில் எல்லாம் தயார், நிலத்தை ஒப்படைத்துவிட்டு வந்து சேருங்கள் என்று சித்தப்பா எழுதியிருந்தார். அம்மாவுக்குப் போக ஆசை, அதைவிடப் பயம். அப்பா ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கரும்பு வெட்டி முடியட்டும், பாக்கலாம்." எனக்கு இரவில் தூக்கம் போயிற்று. போவோமா, இருப்போமா என்பதை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஒரு ஞாயிறன்று படம் முடிந்த பிறகு மேரே காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நீயும் போயிடுவியா?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு உங்க டாப்புக்கு? ஊடு வந்து சேந்துச்சா இல்லியா?"

"வந்துடுச்சு," என்றேன்.

"நல்லது," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நாங்கள் போகவில்லை. கரும்பு வெட்டி முடிந்தது, அடுத்த வருடக் கரும்பு முளைத்தது, அப்பாவின் வாக்கியமும் கூடவே முளைத்தது. டேப்புகள் ஒரு கட்டத்தில் நின்றன. இரண்டாயிரத்தில் மறுபடியும் ஒரு கூ. ராஜு பிரிஸ்பேனுக்குப் போனான். குத்தகை முடிந்து, புதுப்பிக்கப்படாது என்று தெரிந்த நாளில் மேரேயின் அப்பா வந்து இருட்டும்வரை என் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் லவுத்தோக்காவுக்குக் குடிவந்தோம். இன்றும் செய்தியில் இராணுவ உடை தெரிந்தால் என் கை தானாகத் தண்ணீர் டிரம்மை நிரப்பப் போகிறது. இத்தனை ஆண்டுகளாக நாடு அமைதியாக இருக்கிறது என்பதை என் கைக்கு யாராவது சொன்னால் தேவலை.

இதையெல்லாம் நினைக்க வைத்தவள் என் மகள் ஷிவானி. நடக்கக் கற்ற நாளிலிருந்து வரைகிறவள். ஆக்லாந்தில் அனிமேஷன் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "போகட்டுமே," என்றார் அவள் அப்பா. நான் மட்டும் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். போனவர்கள் விடுமுறைக்கு வருவார்கள், வாழ வருவதில்லை. நான் பார்த்தது அதைத்தான். ஒரு நாள் அவள் நேராகக் கேட்டபோது, "கரும்பு வெட்டி முடியட்டும்," என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "மம்மி, நம்மகிட்ட ஏது கரும்பு?"

அந்த வாரம்தான் அவள் இணையத்தில் டாப்புவைத் தேடிப் பிடித்தாள். நான் எப்போதோ சொன்ன கதவையும் கோழியையும் வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள். இருவரும் சோபாவில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பம் நான் நினைத்திருந்ததைவிட அழகு. ஷிவானி அடிக்கடி நிறுத்தி, பனியை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று காட்டினாள். பிறகு கனடா டேப்புகளின் பாகங்கள் வந்தன. எத்தனை பளிச்சென்ற நிறங்கள்! புயல் என்று நாங்கள் நடுங்கிய காட்சி, வெயிலில் நடக்கும் ஓர் ஐஸ்கிரீம் போட்டி. பாட்டுப் பாடும் கிளி ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பொம்மையாக விற்பதற்கு என்று பார்த்தவுடன் தெரிந்தது. சங்கிலிக்காரன் வழுக்கி விழும் கோமாளியாகிவிட்டான். தீவு என்று நான் காட்டிய உயரமான நிழல், ஒரு ராட்டினம். தீவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. கடைசிப் பாகம் நடுவில் வெட்டியது போல முடிந்துபோனது.

நான் சிரித்தேன். ஷிவானிக்குச் சிரிப்பு வரவில்லை. "இவ்ளோ நல்லா ஆரம்பிச்சுட்டு இப்படிப் பாழாக்கிட்டாங்களே," என்றாள், சொந்தப் பொருளை யாரோ உடைத்ததுபோல. "டாப்பு எங்கே?"

"நம்ம வீட்டுல அது ஊர் வந்து சேர்ந்துடுச்சு," என்றேன்.

நாந்தி நகரில் செவிலியராக இருக்கும் மேரேயை அப்போதே கூப்பிட்டோம். ஐஸ்கிரீம் போட்டியைப் பற்றிச் சொன்னதும் போனுக்குள் அவள் சிரித்த சிரிப்பில் ஷிவானியும் சிரித்துவிட்டாள். பிறகு மேரே சொன்னாள்: "வந்து சேந்துச்சுன்னு நீ உங்க அப்பாகிட்டதான் சொன்னே, சரோ. அவர் குளிக்கப் போனதும் நான் உன்னை விடலையே. டாப்பு இங்கே வந்துட்டா, கடலுக்கு அந்தப் பக்கம் அதைப் பாத்துப் பழகினவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"மறந்துட்டியா? அது மிதக்கிற டாப்பு, கட்டிவைக்கக் கூடாது, கட்டிவச்சா நாமளும் சங்கிலிக்காரன்தான்னு சொன்னே. வருஷா வருஷம் கரும்பு வெட்டுற நேரத்துக்கு வரும், எல்லாரையும் பாத்துட்டுப் போகும்னு சொன்னே. அப்படின்னா நீ போனாலும் வருவேன்னு நான் நினைச்சுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியா தூங்கினேன்."

பதினொரு வயதில் எனக்கு இருந்த தைரியத்தை எங்கே வைத்துவிட்டு வந்தேனோ தெரியவில்லை. நல்லவேளை, மேரேயிடம் இருந்திருக்கிறது.

ஷிவானி எப்போது பென்சிலை எடுத்தாள் என்று கவனிக்கவில்லை. மடியில் ஒரு தீவு உருவாகிக்கொண்டிருந்தது. அதன் கரையில் கரும்பு ஏற்றிப்போகும் குட்டி ரயில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. "என்ன நிறம்?" என்று இருவரையும் கேட்டாள்.

"கரும்புப் பச்சை," என்றேன்.

"பச்சையா? மாலை வெயில்ல பாத்த மலை மாதிரி, இளஞ்சிவப்பு," என்றது போன்.

கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். பிறகுதான் புரிந்தது, எங்கள் இருவருக்குமே தெரியாது. நாங்கள் அதைச் சாம்பல் நிறத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

அந்த லோவு வீடு இன்று இல்லை. டெக்கும் இல்லை, டேப் வாடகைக்குக் கொடுத்த கடைகளும் இல்லை; எதுவும் ஓடாத அந்த ஞாயிறுகளும் போய்விட்டன, அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. கல்லூரிக்குச் சம்மதம் தெரிவித்து மறுநாள் காலையில் பதில் அனுப்பினோம். ஷிவானி பிப்ரவரியில் கிளம்புகிறாள். கரும்பு வெட்டும் மாதங்களில் அங்கே அவளுக்கு விடுமுறை வருமாம், கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். வரும்போது அவள் கொண்டுவர வேண்டியது ஒன்றுதான்: அந்த டாப்புவின் நிறம்.