இஞ்சின் தண்ணீரும் என் செவலைக் குதிரையும்

கோலார் தங்கவயலில், எங்கள் ஊரிகத்துக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சிவசமுத்திரத்து மின்சாரம் இன்னும் வரவில்லை. சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டெல்லாம் நீராவி இஞ்சினால்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில், மைசூர் மைன்ஸ் பக்கத்து லைன் வீடு ஒன்றில், என் தம்பியோடும் ஒரு குதிரையோடும் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் ஜட்கா ஓட்டினவர். காய்ச்சலில் அவர் போனபின் எனக்கென்று மிஞ்சியது ஒரு வண்டியும், செவலை என்று நாங்கள் கூப்பிட்ட பெண் குதிரையும்தான். வண்டி ஓட்டுவதற்காக வட ஆற்காட்டிலிருந்து என் தம்பி வந்து சேர்ந்தான். நல்லவன், வேலைக்கு அஞ்சாதவன். ஆனால் ஊரில் யார் எதைச் சொன்னாலும் கேட்பான், நான் சொல்வதை மட்டும் கேட்க மாட்டான்.

செவலைக்கு வயது ஏறிக்கொண்டு வந்தது. ஒரு குட்டி போட்டுவிட்டால் நாளைக்கு அதன் இடத்துக்கு அந்தக் குட்டியே வரும். பங்களா துரையிடம் நல்ல ஆண் குதிரை ஒன்று இருந்தது. அவருடைய குதிரைக்காரர் தயவில் மூன்று முறை சேர்த்துப் பார்த்தோம். சினை நிற்கவில்லை. தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. சுரங்கத்துக்கு மரம் இழுக்கும் காண்டிராக்டர் ஒருவர், ஒரு கண் தெரியாத இளங்குதிரை ஒன்றைக் கொடுத்துச் செவலையை மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவரிடம் போன குதிரை அடுத்த மழைக்காலத்தைப் பார்க்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

"இந்த வாட்டியும் நிக்கலேன்னா குடுத்துட்றேன்கா. மலட்டுக் குதிரைய வச்சிகினு இன்னா பண்றது?" என்றான் தம்பி.

என் வீட்டுக்காரர் கையால் தீனி தின்று வளர்ந்த குதிரை அது. அவர் போன வீட்டில், காலையில் என்னைத் தேடித் தலையை நீட்டுகிற உயிர் அது ஒன்றுதான். மரம் இழுத்துச் சாக அதை அனுப்பிவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

இதற்கு நடுவில் லைனில் ஆளுக்கொரு சாஸ்திரம். சேர்த்துவிட்டு வந்த குதிரையை நிற்கவிடாமல் ஓட்ட வேண்டும் என்பார் ஒருவர். ஓட்டவே கூடாது, மேட்டில் பின்னங்கால் உயரமாக நிறுத்து, இல்லாவிட்டால் எல்லாம் வழிந்துவிடும் என்பார் இன்னொருவர். முதுகில் ஒரு குடம் பச்சைத்தண்ணீரை வீசினால் உடம்பு சிலிர்த்து உள்ளே பிடித்துக்கொள்ளும் என்பார் மூன்றாமவர். என் தம்பி மூன்றையும் செய்தான். பாவம், அந்த வாயில்லா ஜீவன் ஓடிக் களைத்து, நனைந்து நடுங்கி, மண்மேட்டில் தலைகீழாக நிற்கும். பார்க்கிற எனக்கு யாரை அடிப்பது என்று தெரியாது.

நான்காம் முறை நானும் கூடவே போனேன். அன்றைக்குத் துரையின் குதிரைகளைப் பார்க்க பெங்களூர்ப் பட்டாளத்திலிருந்து ஒரு குதிரை டாக்டர் வந்திருந்தார். தமிழ்க்காரர்தான். செவலை மூன்று முறை நிற்காத கதையைக் குதிரைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். சேர்த்து முடிந்ததும் அவர் எங்களிடம் வந்து, குதிரையின் வாலைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். தம்பியை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"சில குதிரைங்களுக்குச் சேர்ந்த பிறகு உள்ள தங்கற கழிவு தானா வெளிய வராதும்மா. அது கெட்டுப்போயி கருவ நிக்கவிடாது. கொதிக்கவச்சு ஆறின உப்புத் தண்ணியால நாளைக்கு உள்ள கழுவிவிட்டா தேவலாம். எல்லா டாக்டரும் இத ஒத்துக்க மாட்டாங்க, ஆனா நான் செஞ்சு பலன் பாத்திருக்கேன். காலையில ரயிலுக்குப் போற வழியில வர்றேன். தண்ணிய மட்டும் தயாரா வைங்க."

வழியெல்லாம் தம்பி புலம்பினான். "வெதச்ச மறுநாளே கழனியில வெள்ளத்த வுடுவாங்களாக்கா? அந்தாளுக்குப் பைத்தியமா?" லைனுக்குள் நுழைவதற்குள் சேதி பரவிவிட்டது. எங்கள் வாசலில் ஒரு கூட்டமே கூடி, கழுவினால் குட்டியும் போய்விடும் என்று எனக்குப் புத்தி சொல்லிற்று. குட்டி எங்கே இருக்கிறது போவதற்கு என்று நான் கேட்டேன். அப்படியும் ஒருத்தரும் நகரவில்லை.

காலையில் விறகு நனைந்து கிடந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். தம்பிக்கு என்ன தோன்றிற்றோ, "நீ போய் கொள்ளு வேக வை, தண்ணி என் பொறுப்பு" என்றான். கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க இரண்டு குடம் வந்து இறங்கியது. இவ்வளவு சுருக்கா என்று நான் ஆச்சரியப்படும்போதே டாக்டரும் வந்துவிட்டார்.

அவர் குடத்துக்குள் விரலை விட்டார். இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். "இது எந்தத் தண்ணி?" என்றார்.

"இஞ்சின் கொட்டாய் தண்ணி சார்" என்றான் தம்பி, பெருமையாக. "கம்பெனி ஆவியில கொதிச்சது. நம்ம அடுப்புல இந்தக் கொதி வருமா?"

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேஜை இழுக்கும் இஞ்சினிலிருந்து வெந்நீர் ஒரு குழாய் வழியாக வெளியே சாக்கடையில் விழுந்துகொண்டே இருக்கும். லைன் ஜனங்கள் குளிக்க, துணி துவைக்க, எல்லாவற்றுக்கும் அதைப் பிடித்து வருவார்கள். இஞ்சினுக்குப் போடும் எண்ணெயும் கொழுப்பும், பாய்லரில் போடும் சோடாவும் அதில் கலந்திருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் இந்தப் புத்திசாலி கொண்டுவந்து வைத்திருந்தான்.

"இதுக்கு முன்னாடியும் இந்தத் தண்ணியில கழுவியிருக்கியாப்பா?"

"எப்பவும் இதான் சார். சுத்தமா இட்டுகினு வரணும்னு தொரை குதிரைக்காரர் கண்டிசனா சொல்லுவாரு. அதனால போறதுக்கு முன்னால உள்ளாரவே கைய வுட்டு நல்லா கழுவிடுவேன்."

"நேத்தும்?"

"நேத்தும்தான் சார்."

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சோடாவும் எண்ணெயும் விட்டு அந்தக் குதிரையின் கருப்பையைப் புண்ணாக்கிவிட்டு, மலடு என்று பட்டமும் கட்டி, மரவண்டிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். டாக்டர் திட்டவில்லை. "அப்போ இன்னிக்குக் கழுவியே ஆகணும்மா. கிணத்துத் தண்ணிய வடிகட்டிக் கொதிக்க வைங்க, நான் இருக்கேன்" என்றார்.

பக்கத்து வீட்டில் காய்ந்த விறகு வாங்கி அடுப்பை மூட்டினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இறக்கி, மூடி, ஆறவைத்துவிட்டுத் தொழுவத்தைப் பெருக்கப் போனேன். திரும்பி வந்தால், விறகு கொடுத்த அதே புண்ணியவதி மூடியைத் திறந்து ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை உள்ளே ஊற்றிக்கொண்டிருக்கிறாள். டாக்டருக்கு ரயிலுக்கு நேரமாகிறதாம், சீக்கிரம் ஆறட்டுமாம். அவளைக் கட்டிக்கொண்டு அழுவதா, மொத்துவதா?

கொட்டிவிட்டு மறுபடி அடுப்பேற்றினேன். அது கொதிக்கும்போதே ஸ்டேஷனில் ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிற்று. டாக்டர் அந்தச் சத்தம் வந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த புல்லுக்கூடை மேல் உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு ஆறியதும் உப்பைக் கரைத்து, சுத்தமான ரப்பர் குழாயையும் புனலையும் வைத்து அவரே கழுவினார். முதலில் வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக, மேலே எண்ணெய் மினுமினுத்துக்கொண்டு வந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அதைக் கண்டு வாயை மூடிக்கொண்டது. தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார்.

"வெத நேத்தே போகவேண்டிய எடத்துக்குப் போயிடுச்சும்மா, பயப்படாதீங்க" என்றார். "மெதுவா நடக்க வைங்க, போதும். ஓட்டறது, தண்ணி வீசறது, மேட்டுல நிறுத்தறது எதுவும் வேணாம். அந்த இஞ்சின் தண்ணி இதுங்கிட்ட வரவே கூடாது."

என் கையால் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். அவர் கிளம்பிய சமயத்தில் நான் தொழுவத்துக்குப் பின்னால் தம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் ஆணியில் கோட்டு இல்லை.

அடுத்த பருவம் வரும் நேரத்தில் செவலை ஆண் குதிரையைத் தேடவில்லை. மாதங்கள் போகப் போக வயிறு தெரிந்தது. காண்டிராக்டர் தன் ஒற்றைக்கண் குதிரையை இழுத்துக்கொண்டு பேரம் முடிக்க வந்தார். செவலையின் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், அப்படியே திரும்பிப் போனார். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

பெண் குட்டி பிறந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எழுந்து நிற்கப் பார்த்து நாலு பக்கமும் காலைப் பரப்பிக்கொண்டு விழுந்தது, மறுபடி எழுந்தது. செவலை அதை நக்கிக் கொடுத்ததைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டாம். குட்டி பிறந்த செய்தி பரவியதும் ஆளாளுக்கு அந்தப் பெருமையில் பங்குக்கு வந்தார்கள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதால் என்றாள் ஒருத்தி. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியதால் என்றாள் இன்னொருத்தி. சரி, சாமி விஷயம், போகட்டும். மேட்டில் நிறுத்தச் சொன்னவர் அது தன் யோசனையால்தான் என்று ஜட்கா ஸ்டாண்டில் மார்தட்டினார். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் வேறொரு வண்டிக்காரர் தன் பெண் குதிரையோடு எங்கள் வாசலில் நிற்கிறார். என் தம்பி அவருக்காகக் கையில் ஆவி பறக்கும் குடத்தோடு வருகிறான்.

"கம்பெனி தண்ணியாலதான் அண்ணே எங்களுக்கு நின்னுச்சி. இதால கழுவிட்டு இட்டுகினு போங்க" என்கிறான்.

குடத்தைப் பிடுங்கித் தெருவில் போட்டு உடைத்தேன். வெந்நீர் காலில் தெறித்தது. அந்த வண்டிக்காரரை உட்காரவைத்து, என் அடுப்பில், என் விறகில், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். ஆறுகிற வரையில் பானையை விட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ பேரோடு இதற்காக வாய்ச்சண்டை போட்டிருக்கிறேன். பொல்லாதவள் என்று பேரும் வாங்கியிருக்கிறேன். எங்களுக்காக ரயிலைத் தவறவிட்ட அந்த மனுஷனை மறுபடி நான் பார்க்கவேயில்லை. அவருக்கு நேரில் சொல்லமுடியாத நன்றியை, ஊரோடு போடும் இந்தச் சண்டையாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.