அப்பாவின் வாயில் மிட்டாய்

தொடக்கநிலை நான்கில் படித்தபோது நான் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் ஒரு சிறுமியர் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரி. குழுவில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். அம்மாவுக்குத் தேக்காவில் நகைக்கடை வேலை. சனிக்கிழமைதான் அங்கே கூட்டம் அலைமோதும் என்பதால் என் ஆட்டத்துக்கு அவர் வந்ததே இல்லை. அப்பா வருவார். வீட்டில் "சாப்ட்டியா?" என்பதைத் தாண்டி வாய் திறக்காத மனிதர், திடலோரம் வந்துவிட்டால் தொண்டை கிழியக் கத்துவார்.

"பாப்பா, பின்னால பாரு! வர்றா பாரு, விடாத!"

மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் என்னைக் கேலி செய்ய அந்தப் 'பாப்பா' ஒன்றே அவர்களுக்குப் போதும். எனக்கு மானம் போகும். "கத்தாதீங்கப்பா" என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். சரி சரி என்பார், அடுத்த வாரமும் கத்துவார்.

அந்த ஆண்டு புதிதாக ஒரு மலாய்ப் பயிற்றுவிப்பாளர் வந்தார். திட்டவே தெரியாதவர். ஆட்டத்துக்கு முன்பு எங்களைப் புல்லில் உட்காரவைத்து, வயிற்றில் கைவைத்து, கண்ணை மூடி மெல்ல மூச்சுவிடச் சொல்வார். தோற்றாலும் முகம் சுளிக்க மாட்டார். பெற்றோர் கத்துவதுதான் அவருக்கு ஆகாது. ஒரு சனிக்கிழமை, திடலோரம் நின்ற பெரியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குச்சிமிட்டாய் கொடுத்தார். ஆட்டம் முடியும்வரை மிட்டாய் வாயிலேயே இருக்க வேண்டும், கைதட்டலாம், பேசக் கூடாது. வளர்ந்த மனிதர்கள் வரிசையாக நின்று மிட்டாய் சப்பியது நல்ல வேடிக்கை. அப்பாவின் கன்னம் ஒருபக்கம் உப்பியிருந்தது. அப்பாடா, இனிக் கேலி இல்லை என்று எனக்கு ஒரே நிம்மதி.

ஆட்டம் தொடங்கியதும் அந்த நிம்மதி போய்விட்டது. திடல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒருத்தி வருவதை யாரும் சொல்லவில்லை. பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டாள். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னிடம் பேசுகிற ஒரே இடமும் போய்விட்டதே என்று இருந்தது. அத்தனை பேர் நடுவில் தன்னந்தனியாக நின்று அழுதேன். பயிற்றுவிப்பாளர் என் தோளைத் தட்டி மூச்சுவிடச் சொன்னார். விட்டேன், அழுகை நிற்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அப்பா என்னிடம் வருவார் என்று காத்திருந்தேன். அவர் நேரே பயிற்றுவிப்பாளரிடம் போய்க் கைகட்டி நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: "கோச், டுடே ஐ ஓகே?"

"வெரி குட் லா, அங்கிள்!"

அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கோ ஆத்திரம். பந்தை விட்டவள் நான், அழுதவள் நான், இவர் தனக்குப் பாராட்டு வாங்குகிறாரே என்று பேருந்தில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கத்தாதீங்கப்பா என்று கெஞ்சிய என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.