ஏரிக்கு அக்கரையில் இரண்டு பையன்கள்

ஒன்பது வயதில் நான் ஒரு பேயை ஸ்பேனரால் விரட்டியிருக்கிறேன்.

கீழ்க்கட்டளை ஏரியைப் பார்த்த எங்கள் மொட்டைமாடியில் சித்தப்பா ஒரு பெரிய பைனாகுலரை நிறுத்தியிருந்தார். ஏதோ கப்பலில் இருந்த பழைய சரக்கு. கைக்குழந்தை கனம் இருக்கும். பட்டறையில் சொல்லி இரும்பு ஸ்டாண்டு அடித்து, சிமெண்டு போட்டுப் பதித்திருந்தார். அதன் இரண்டு குழாய்களும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஒரு நிலா இரண்டாகிவிடும். அதனால் நட்சத்திரம் பார்த்து முடித்ததும், பல்லாவரம் மலைமேல் எரியும் சிவப்பு விளக்குக்கு நேராகத் திருப்பி, இரண்டு விளக்கும் ஒன்றாகும்வரை திருகாணிகளைச் சரிசெய்து, அப்படியே மூடிவிட்டு இறங்குவார்.

மறுநாள் பார்த்தால் அது ஏரிப்பக்கம் குனிந்திருக்கும்.

"எவன்டா இத தொட்டது?" என்று சித்தப்பா வீட்டையே இரண்டாக்குவார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அத்தையும்தான். அந்த வருடம்தான் அத்தை புகுந்த வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு எங்களிடம் வந்திருந்தாள். அவள் பையன் அப்பாவோடு பம்பாயில் படிக்கிறான் என்றார்கள். அதற்குமேல் கேட்டால் முதுகில் ஒன்று விழும். ஊரே காய்ந்த துணியை எடுக்கும் சாயங்கால வேளையில் அத்தை மட்டும் ஒரு அரக்குப் புடவையைக் கொடியில் போடுவாள். ஈரப் புடவைகூட இல்லை. பாவம், புத்தி பிசகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், குனிந்திருந்த பைனாகுலரில் கண்ணை வைத்தேன். அக்கரையில் ஒரு மொட்டைமாடி. அதில் ஒரே உயரம், ஒரே சட்டை, இரண்டு பையன்கள். முகம் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்து ஒரே சமயத்தில் கையாட்டினார்கள். கண்ணை எடுத்தேன். தண்ணீருக்கு அப்பால் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக வீடுகள். மறுபடி வைத்தேன். இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பேயேதான்.

ஸ்பேனரைத் தேடி எடுத்து, பைனாகுலரை வானத்துக்கு நிமிர்த்தி, ஸ்டாண்டின் நட்டைத் தொங்கித் தொங்கி முடுக்கினேன்.

ராத்திரி சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். "பேய்தான் சித்தப்பா திருப்புது. ரெண்டு பசங்க. கையாட்டிக் கூப்புடுறாங்க."

சித்தப்பா சிரித்தார். "பேயாவது பிசாசாவது. எவனோ இழுத்த இழுப்புல குழாய் விலகியிருக்கும், ஒருத்தன் ரெண்டா தெரிஞ்சிருப்பான். ஆனா நட்டை முடுக்கினே பாரு, அது நல்ல ஐடியா."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தையின் கரண்டி நின்றது.

"எவ்ளோ நேரம் ஆட்டினான்?"

"ரொம்ப நேரம் அத்தை."

அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து சித்தப்பா தினமும் நட்டை இறுக்கி, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். பையன் பம்பாயில் இல்லை, அக்கரையில்தான் இருந்தான். அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று என் அப்பா அத்தையிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இதெல்லாம் எனக்குக் கல்லூரி போகிற வயதில்தான் தெரிந்தது. அன்று தெரியாது. சாயங்காலமானால் அரக்குப் புடவை கொடியில் ஏறும். அத்தை அதன் பக்கத்தில் வெறும் கண்ணோடு நின்று, வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக் கையாட்டுவாள். பேய் போன தைரியத்தில் நான் அவள் காலடியில் நொண்டி ஆடிக்கொண்டிருப்பேன்.