ஷூ நாடாவில் இரண்டு சாவி

ஷூ மாட்டுவதற்கென்று லிஃப்ட்டு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் இடது கால். நாடாவை ஒவ்வொரு துளையிலும் ஓர் இழுப்பு இழுத்து, முடிச்சுப் போடும் முன் இரண்டு சாவிகளை அதில் கோத்துக்கொள்வார். ஒன்று வீட்டுச் சாவி. மற்றது அவர் பராமரிக்கும் ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் மோட்டார் அறைச் சாவி. ஓடும்போது போடுகிற கால்சட்டையில் பை கிடையாது. மோட்டார் அறைச் சாவியை வீட்டில் விட்டுப் போகவோ மனசு வராது. பிறகு இரட்டை முடிச்சு. எழுந்து நின்று இரண்டு குதி. கிலுங், கிலுங்.

"கிளம்பிட்டாரு, சலங்கை கட்டிக்கிட்டு" என்பாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்து.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்பதால் லிஃப்ட்டு. பெயர் வைத்தவர் எதிர்த்தெரு ரொட்டிக்கடைக்காரர். பதிலுக்கு இவர் வைத்தது பன்னு. இருவருக்கும் வயது ஐம்பதைத் தொட இன்னும் இரண்டு. ஊருக்கு வெளியே மலைச்சாலையில் ஏறி இறங்கும் பதினாறு கிலோமீட்டர் பந்தயத்தில் வருடா வருடம் சேர்ந்து ஓடினார்கள். கோப்பையெல்லாம் எலும்பும் நரம்புமான இருபது வயசுக்காரர்களுக்கு. இவர்களுடையது தனிப் பந்தயம்: நூற்று எழுபதாவதாக வருவது யார், அதற்கு அடுத்ததாக வருவது யார்.

முதல் ஆறு வருடம் வெற்றி மாறி மாறி வந்தது. கடைசி மூன்று வருடம்தான் ஒரே கதை. ஏற்றத்தில் இருவரும் பேசிக்கொண்டே ஏறுவார்கள். இறக்கத்தில் ஒன்பது வளைவுகள். மரங்கள் இரண்டு பக்கமும் கூடி, பகலிலும் வெளிச்சத்தை வடிகட்டித்தான் கீழே விடும். அங்கே லிஃப்ட்டு முன்னால், பன்னு சரியாகப் பத்தடி பின்னால், அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு. அடிவாரம் வந்து, வெட்டவெளியில் கடைசி அரை கிலோமீட்டர் நேர் ரோடு தொடங்கியதும், "வரட்டா மச்சான்" என்று ஒரு சிரிப்போடு பன்னு தாண்டிப் போய்விடுவார்.

"மாவைப் புளிக்க விட்டுத்தான்டா அடுப்புல வைக்கணும்" என்பார் பன்னு. "நீ மேல இருந்தே வேகுற."

இந்த வருடம் லிஃப்ட்டுக்கு முழங்கால் விட்டுவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தேய்மானம்" என்றார். அது லிஃப்ட்டு தினமும் அடுக்குமாடிக்காரர்களிடம் சொல்கிற சொல். ரோப்பு தேஞ்சிருக்கு, மாத்தணும்.

"மாத்திடலாமா சார்?"

"இப்ப வேண்டாம். ஓடாம இருந்தா போதும்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்தபடி மனைவியிடம் கேட்டார். "ஒரே ஒரு தடவை. அவனைப் பின்னால விட்டுட்டு வந்துடறேன். அப்புறம் ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுடு."

மகள்தான் வழி சொன்னாள். "அப்பா, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி கிலுங்கிட்டே ஓடறீங்க. அங்கிள் தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட வேண்டாம். நீங்க வேகம் கூட்டினா காதாலேயே பிடிச்சிடறாரு."

லிஃப்ட்டுக்குப் பொறி தட்டியது. பந்தயத்தன்று விடியற்காலை, வேலைப்பையிலிருந்து கறுப்பு கரண்ட் டேப்பை எடுத்து இரண்டு சாவிகளையும் ஒன்றாகச் சுற்றினார். குதித்துப் பார்த்தார். சத்தமில்லை. சின்னத் திருட்டுத்தனம் செய்த சுகம் வயிற்றில் இளஞ்சூடாகப் பரவியது.

தொடக்க இடத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பன்னு நடந்தே வந்திருந்தார். ஸ்கூட்டரை விற்று மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டதற்கு, "ஓடுறவனுக்கு எதுக்குடா வண்டி?" என்றிருந்தார்.

"லிஃப்ட்டு, எந்த மாடி?"

"மொட்டை மாடிதான். நீ நடுவுல மாட்டிக்காம வா."

ஏற்றத்தில் முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் தன் பங்குக்கு ஒரு சொல் சொன்னது. லிஃப்ட்டு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசினார். உச்சியில் தண்ணீர் கொடுத்தார்கள். பன்னு குடித்து முடித்துக் கோப்பையைப் போட இடம் தேடுவதற்குள் லிஃப்ட்டு இறக்கத்தில் பாய்ந்துவிட்டார்.

முதல் வளைவில் பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய் லிஃப்ட்டு!"

பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வளைவில் மறுபடியும், கொஞ்சம் மேலே, கொஞ்சம் தள்ளி. "லிஃப்ட்டு! எங்கடா இருக்க?"

கெஞ்சுடா கெஞ்சு, என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, மூச்சு வீணாகும் என்று அடக்கினார். அதற்குப் பிறகு குரல் கேட்கவில்லை.

நேர் ரோட்டில் முதுகுக்குப் பின்னால் யாருமே இல்லை. "வரட்டா மச்சான்" இல்லை. கோட்டைத் தாண்டியதும் யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். திரும்பி நின்று, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். மாவு பொங்கலையாடா? இல்லை, அது போதாது. ரொட்டி கருகிடுச்சாடா?

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம். நூற்றுத் தொண்ணூறாவது ஆள் வந்தார். பேத்தியைக் கையில் பிடித்தபடி ஒரு கிழவர் வந்தார். லிஃப்ட்டு மலைப்பக்கம் நடக்கப் பார்த்தார். கோட்டருகே நின்ற விசில்காரர் குறுக்கே கை நீட்டினார்.

"சார், எதிர்ப்பக்கமாப் போகக் கூடாது."

"என் கூட்டாளி இன்னும் வரலை."

"வருவாரு சார். எல்லாரும் வருவாங்க."

கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் நின்ற நேரத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் அழுகிறவர்களிடம், கதவு இடுக்கில் வாய் வைத்து, "பயப்படாதீங்க, நான் வெளியதான் இருக்கேன்" என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தவர். இன்று வெளியில் நிற்கிறவரும் அவர்தான், மாட்டிக்கொண்டவரும் அவர்தான். வாய் வைக்க ஓர் இடுக்கும் இல்லை. கழுத்துப் பதக்கம் மட்டும் சட்டைப் பொத்தானில் பட்டுச் சத்தம் போட்டது.

முதலுதவி வேன் வந்தது. பின்கதவைத் திறந்தபோது பன்னு படுத்திருந்தார். கன்னம் முழுக்கச் சிராய்ப்பு, வலது தோள் தொங்கிப் போயிருந்தது. நான்காவது வளைவில் திரும்பாமல் நேரே போய்ச் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்றான் வேன்காரன்.

"என்னடா இது?" லிஃப்ட்டு கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

பன்னு குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "சத்தமே இல்லாமப் போயிட்டியேடா."

தோற்றவன் குத்திக்காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டார் லிஃப்ட்டு. ஆள் பேசுகிறாரே என்ற நிம்மதியில் வாய் தானாகக் கேலிக்குப் போனது. "ஜெயிக்கப் போறவன் தம்பட்டம் அடிச்சிட்டாடா போவான்?"

பன்னு சிரித்தார். சிரித்ததும் தோள் வலித்து முகம் சுருங்கியது.

இரண்டு வாரம் கழித்து, லிஃப்ட்டு கைத்தடியோடு ரொட்டிக்கடைக்குப் போனார். பன்னு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கடையில் அவர் மனைவி மட்டும். தட்டுகளைத் துடைத்து அடுக்கியவள், மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க சாவி கட்டாமப் போயிட்டீங்களா?"

"கட்டித்தாம்மா இருந்தேன்."

அவள் கையிலிருந்த துணி நின்றது. "அய்யோ. அப்ப காதும் போயிடுச்சா?"

"காதும்னா?"

"அவருக்கு நிழலுக்குள்ள போனா கண்ணு தெரியாதுண்ணே. மூணு வருஷமாச்சு. அந்த இறக்கம் முழுக்க உங்க சாவிச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குவாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னுட்டாரு. சொன்னா, நீங்க வேணும்னே மெதுவா ஓடிடுவீங்களாம்."