சாக்குப் போர்வைக்குள் ஒரு வாரம்

ஜனவரி 1987, சனிக்கிழமை. சுகாதாரத் துறை நர்ஸான நான் காலை ஆறே முக்கால் பஸ்ஸில் சேலத்திலிருந்து புறப்பட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. பையில் நான்கு பொருட்கள்: வெள்ளை மருந்துப் புட்டிகள், உருப்பெருக்கிக் கண்ணாடி, ஸ்பிரிட், ஒரு மைப் பேனா.

கடைவீதியில் ஜீப்புடன் டிரைவர் பழனிசாமி காத்திருந்தார்.

"மறுபடியும் சொறி மருந்துங்களா? உங்க பக்கத்துல உக்காந்தா எனக்கும் ஒட்டிக்குமுங்களா?"

"அப்படியெல்லாம் ஒட்டாதுங்க. சேர்ந்து படுக்கணும், போர்வையைப் பங்கு போடணும்."

"அப்பச் சரிங்க," என்றவர், கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து ஓட்டினார்.

தலைச்சோலை அருகே ஒரு காப்பி எஸ்டேட். தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஆறு வீடுகள், ஆறிலும் சிரங்கு. டிசம்பரில் நான் கொடுத்துவிட்டுப் போன மருந்து பலிக்கவில்லை. பாப்பாத்தியின் மகள் மகேஸ்வரியை ஏற்காட்டுப் பள்ளி விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மார்ச்சில் அவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. சிரங்கு முழுக்கப் போனால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார் வார்டன்.

அவள் விரலிடுக்கில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். மை போய்விட்டது, கோணலாக ஒரு நீலக் கோடு மட்டும் தங்கிற்று. தோலுக்குள் பூச்சி குடைந்த வழி அது.

"மருந்து பூசிட்டு எதைப் போத்துனீங்க?" என்று பாப்பாத்தியைக் கேட்டேன்.

"பழைய கம்பளியைத்தானுங்க. மருந்து பிசுபிசுன்னு இருக்குது. புதுசுல பட்டா வீச்சம் போகாதுங்களே. அதை மகேசு காலேஜுக்குப் போறப்பக் குடுக்கலாம்னு பொட்டியில வெச்சிருக்கறனுங்க."

ஆறு வீடுகளிலும் இதே கதை. நல்லது வீணாகக் கூடாதென்று, பூச்சி இருந்த கம்பளியையே திரும்பப் போர்த்தியிருக்கிறார்கள். துவைத்தாலும் இந்தப் பனியில் கம்பளி காயாது. ஆனால் மனிதத் தோல் கிடைக்காத பூச்சி சில நாட்களில் செத்துவிடும். அத்தனை கம்பளிகளையும் ஒரு வாரம் போர்த்தாமல் மூட்டையாகக் கட்டிப் போட வேண்டும் என்றேன்.

"நொம்பக் குளுருமுங்களே. ஊட்டுல எல்லாரும் எதைப் போத்தறதுங்க?" என்றார் பாப்பாத்தி.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய் நின்றேன். கிடங்கைத் திறந்து, காப்பிக்கு வந்திருந்த புதுச் சாக்குகளைக் காட்டினார். அன்று பிற்பகலே பெண்கள் அவற்றைப் பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தார்கள்.

"இதுல படுத்தா மூட்டைன்னு நெனச்சு லாரியில ஏத்திருவன்," என்றார் ரைட்டர்.

"ஏத்துங்க. காப்பி வெலைக்கு எங்களையும் எடை போட்டுருங்க," என்றார் பாப்பாத்தி. வரிசையே சிரித்தது.

அன்று மாலை, அரிக்கிறவர் அரிக்காதவர் என்று பாராமல், எல்லாரும் கழுத்து முதல் உள்ளங்கால் வரை மருந்து பூசிக்கொண்டார்கள். மறுநாள் இன்னொரு முறை. பிறகு நான் மலை இறங்கினேன்.

பிப்ரவரி, மூன்று வாரம் கழித்து. அதே பஸ், அதே ஜீப். வீடு வீடாக மை தடவித் துடைத்தேன். முதல் வீட்டில் கோடு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆறாவது வீடு பாப்பாத்தியுடையது.

"இன்னும் கொஞ்சம் அரிக்குதுங்க அக்கா," என்று பயந்தபடி கையை நீட்டினாள் மகேஸ்வரி.

பூச்சி செத்த பின்பும் அரிப்பு சில வாரம் இருக்கும். பத்து விரல்களையும், இரண்டு மணிக்கட்டுகளையும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுத்தமான தோல்.

"போயிருச்சு," என்றேன். பாப்பாத்தி அந்தக் கையை வாங்கித் தன் கண்ணாலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

பழனிசாமி எங்கள் மூவரையும் விடுதி வாசலில் இறக்கினார். இம்முறை என்னை ஒட்டியே உட்கார்ந்து ஓட்டியிருந்தார். வார்டன் என் சான்றை வாசித்துவிட்டுக் கதவைத் திறந்தார். பாப்பாத்தி மூட்டையை அவிழ்த்தார். பெட்டியில் கிடந்த புதுக் கம்பளி, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"காலேஜுக்குன்னு சொன்னியே அம்மா?"

"இப்பவே போத்திக்க சாமி. குளுருல படிக்க முடியாது."

மாலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு காற்று சூடாகி வந்தது. அடிவாரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். சேலத்தில் எங்கள் வீட்டில் கம்பளியே கிடையாது. மேலே ஆறு வீடுகளில், வெயிலில் உதறிய பழைய கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, அன்றிரவு யாருக்கும் தூக்கம் கெட்டிருக்காது.