திறந்து பார்க்காத கையெழுத்து

லிஃப்ட் பரிசோதகர் என்றால் எதையும் நம்பாதவர் என்று பொருள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் அதற்குத்தான் சம்பளம் வாங்கினாள்: கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, லிஃப்டைத் தூக்கும் வடத்தைத் தடவிப் பார்த்து, பிறகே சான்றிதழில் கையெழுத்து. திறக்காமல் கையெழுத்துப் போட்ட இருவரை வீட்டுக்கு அனுப்பியவளும் அவளே.

குழந்தை பிறந்து ஏழு வாரம். தொட்டில் கொக்கியை நாளுக்கு நாற்பது முறை இழுத்துப் பார்த்தாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கமில்லை. அதன் மூக்கருகே விரல் வைத்து உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையோடு மாடிப்படிப் பக்கமே போவதில்லை. கை தானாக விட்டுவிடுமோ என்ற நினைப்பு விரட்டினாலும் போகவில்லை.

வீட்டில் இதற்கெல்லாம் பாராட்டு விழா. "என் மருமக மாதிரி பொறுப்பு யாருக்கு வரும்?" என்று மாமியார் போனில் உலகத்துக்கே அறிவித்தார். "எனக்கு என்னமோ சரியில்லீங்க, படியைப் பாத்தாலே பயமா இருக்கு" என்று அவள் சொன்னபோது, "ஆபீஸ் புத்தி வீட்டுக்கும் வந்துடுச்சு" என்று கணவன் சிரித்தான். அழுதபோது, "உனக்குத் தூக்கம் பத்தல, தூங்கு" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கினான்.

ஓயாமல் அடிக்கும் அபாய மணி பாதுகாப்பல்ல, பழுது. எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பாள்!

தடுப்பூசி நாளில் நர்ஸ் குழந்தையை எடை பார்த்தார், அளந்தார், கொஞ்சினார். அட்டையின் கடைசி வரி, தாய். தலை நிமிராமலே 'நலம்' என்று டிக்.

"இங்க கையெழுத்து போடும்மா."

"மாட்டேன். என்னை எப்பப் பாத்தீங்க சிஸ்டர்?"

"நல்லாத்தானே இருக்க! குளிச்சிருக்க, தலை வாரியிருக்க."

"கதவு பளபளன்னு இருந்தா உள்ள வடம் நைஞ்சிருக்காதா?"

கணவன் முழங்கையால் இடித்தான். "பின்னாடி கூட்டம் நிக்குது. போட்டுட்டு வா."

"நிக்கட்டும். ஏழு வாரமா நானும்தான் நிக்கிறேன்."

பிறகு அறிக்கை வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள்: தூக்கம், சாப்பாடு, விரல். மாடிப்படி என்று வந்தபோது குரல் உடைந்தது.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றான் கணவன்.

"சொன்னேன். சிரிச்சீங்க."

நர்ஸ் அந்த டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு எழுந்தார். "இது உன் குணமில்லம்மா, நோய். பிள்ளை பெத்த நிறைய பேருக்கு வருது, மருத்துவம் பாத்தா சரியாகும். மேல டாக்டர் இருக்காங்க, இப்பவே போ. சார், பிள்ளைய வாங்கிக்கங்க. அதோ லிஃப்ட்."

அவள் லிஃப்ட் சுவரில் ஒட்டியிருந்த சான்றிதழைப் படித்தாள். தேதி தாண்டி நான்கு மாதம்.

படியேறினார்கள். குழந்தை அவன் கையில்.