மூன்றாம் பக்கத்துப் பால்

கோர்ட்டில் அவளை எல்லோரும் மெஷின் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடத் தட்டச்சு. நீதிபதி வாயை மூடுவதற்குள் இவள் முற்றுப்புள்ளி வைத்திருப்பாள்.

அதற்குள் பதினோரு நீதிபதிகளைப் பார்த்துவிட்டாள். பெண்டாட்டியை அடித்தவனை ஒருவர், "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று புத்திமதி சொல்லி அனுப்பினார். அடுத்து வந்தவர் அதே அடிக்கு ஆறு மாதம் போட்டார். இரண்டையும் தட்டியது இவள் விரல்கள்தான். நாற்காலியில் ஆள் மாறினால் நியாயமும் மாறிவிடுமா என்று வீட்டில் புலம்புவாள். "உனக்கு எதுக்கு அந்த வம்பு? சொன்னதை அடிச்சிட்டு வா" என்பார் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறவர். சிவப்பு விழுந்தால் நிற்கணும், பச்சை விழுந்தால் போகணும். அவர் பிழைப்பில் குழப்பம் கிடையாது.

பதினோராவது நீதிபதிக்கு எப்போதும் காலில் சுடுதண்ணீர் கொட்டிய அவசரம். எத்தனை மாதம் என்று மட்டும் சொல்வார். ஏன் தண்டனை என்று எழுத வேண்டிய இடம் வந்ததும், "வழக்கமா போடுறதைப் போட்டுடுங்கம்மா" என்று எழுந்துவிடுவார். பழைய தீர்ப்பிலிருந்து காரணங்களை எடுத்து ஒட்டி, ஆளையும் பொருளையும் மாற்றுவது மெஷினின் தலையில் விழுந்தது. நாலு வருடம் இப்படியே ஓடியது. யாரும் ஏனென்று கேட்கவில்லை. இவளும்தான் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை ஒரு பெண் தீர்ப்பின் நகல் கேட்டு வந்தாள். அவள் புருஷன் பெயின்டர். வேலை செய்த கட்டடத்தில் செம்புக் கம்பி திருடினான் என்று எட்டு மாதம் கொடுத்திருந்தார்கள். நாற்பது நாள் உள்ளே கழித்துவிட்டான். மேல்கோர்ட்டுக்குப் போக நகல் வேண்டும். மெஷின் அசலையும் நகலையும் வரிவரியாக ஒத்துப்பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"குற்றவாளி விற்ற பாலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தது ஆய்வக அறிக்கையால் ஐயமற நிரூபணமாகிறது. ஆகவே கம்பியைத் திருடியவர் இவரே எனத் தீர்மானிக்கிறேன்."

இந்தத் தீர்ப்புக்கு முந்தைய வாரம் ஒரு பால்காரர் வழக்கு நடந்தது. அதை எடுத்து ஒட்டியவள் மாற்ற மறந்திருக்கிறாள். தப்பு இவளுடையது, சரி. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்? காசு வாங்கிய வக்கீல்? முத்திரை குத்தியவர்? ஒரு மனுஷனை நாற்பது நாள் அடைத்துவைத்த காகிதத்தை ஒருத்தர்கூடப் படிக்கவில்லை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தோடு நேரே நீதிபதியின் அறைக்குப் போனாள்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பக்கத்தை மாத்திடுங்க. தேதி அப்படியே இருக்கட்டும்."

"எதை வச்சுங்க ஐயா மாத்துறது?"

"காரணம்தானேம்மா மாறிப்போச்சு? தீர்ப்பு சரிதானே!"

"காரணமே இல்லாத தீர்ப்பு எப்படி ஐயா சரியாகும்? கம்பியை யார் எடுத்தாங்கன்னு நீங்க பார்த்தீங்களா?"

"உங்க தப்பை மறைக்கத்தான் வழி சொல்றேன். வேலை வேணுமா, வேண்டாமா?"

என்ன பெரிய மனசு! மெஷின் வெளியே வந்தாள். பாலும் தண்ணீரும் இருந்தது இருந்தபடியே நகலில் முத்திரை குத்தினாள். "மூணாம் பக்கத்தை முதல்ல வேற ஒரு வக்கீல்கிட்ட காட்டும்மா. அடிச்சது நான்தான்னும் சொல்லிடு" என்று அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் பெயின்டர் வெளியே வந்தான். மேல்கோர்ட் உத்தரவில் தட்டச்சரின் கவனக்குறைவுக்குக் கடும் கண்டனம். நீதிபதியைப் பற்றி மூச்சு விடவில்லை. மெஷினைப் பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கும் அறைக்குத் தூக்கிப் போட்டார்கள். நியாயம்தானே, தப்பு செய்தவள் அனுபவிக்கிறாள் என்று ஆபீசே தலையாட்டியது. கூட உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேர் மேசையை மாற்றிக்கொண்டார்கள்.

பெயின்டரும் அவன் மனைவியும் அவளைத் தேடிக்கொண்டு அந்த அறைக்கு வந்தார்கள். அவன் உத்தரவை நீட்டினான்.

"அக்கா, எனக்குப் படிக்க வராது. இதுல நான் கம்பியை எடுக்கலைன்னு எங்க எழுதியிருக்கு? அதைக் காட்டினாத்தான் மேஸ்திரி வேலைக்குச் சேர்த்துக்குவாராம்."

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பாலைப் பற்றி இருந்தது. தட்டச்சுப் பிழையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவன் எடுத்தானா இல்லையா என்று ஒரு வரி இல்லை.

"அப்படி எழுதலப்பா."

"அப்போ நான் இன்னும் திருடன்தானாக்கா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அறையில் இருந்த கட்டுகளையெல்லாம் கிழித்து எறிந்திருப்பாள். அடக்கிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி, நீ எடுத்தியா?"

"இல்லக்கா." அவன் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "ஸ்டேஷன்ல எங்கடா வித்தேன்னு கேட்டாங்க. கோர்ட்ல பேரைக் கேட்டாங்க. எடுத்தியான்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்குறீங்க."